கேட்டால்தான் திரும்பும் பானை

மக்காவ்
மார்ச் 9, 1974

அன்புள்ள தங்கை வுன்-ஹெங்குக்கு,

இறைவன் அருளால் நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, குவோக்-வாவுக்கு அச்சகத்தில் வேலை நிரந்தரமாயிற்றா என்று எழுது.

ஒரு திருத்தம். எங்கள் கீழ்த்தளத்துக் கருவாட்டுக்கடை கம் அம்மாள் ஹாங்காங் வந்திருந்தபோது உன் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, நான் பகலெல்லாம் படுத்துக்கொண்டு அழுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நான் அழவில்லை. அவர் இறந்தபோது வேண்டிய அளவு அழுதேன், நிறுத்திவிட்டேன். படுத்துக் கிடப்பதும் இல்லை. ஓய்வெடுக்கிறேன். அறுபத்து நான்கு வயதுப் பெண் ஓய்வெடுப்பதற்குக் கருவாட்டுக்கடையில் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

கட்டட வாசலில் யாரோ கஷாயச் சக்கையைக் கொட்டியிருந்தது உண்மை. போகிற வருகிறவர்கள் மிதித்தால் நோய் அவர்கள் காலோடு போய்விடும் என்று நம்புகிறவர்கள் இந்தத் தெருவில் நிறையப் பேர். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். அது என்னுடையது அல்ல.

போர்த்துகீசிய வகுப்பை நான் நிறுத்திவிட்டதாகவும் சொன்னாளாம். ஒத்திவைத்திருக்கிறேன். தபால் இலாகா பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள் கொஞ்ச நாள் வினைச்சொற்களை வீட்டிலேயே மனப்பாடம் செய்யட்டும்.

உன் வீட்டார் அனைவருக்கும் என் ஆசி.

அக்கா,
பெனெதீத்தா


ஷாம் ஷூய் போ, ஹாங்காங்

அன்புள்ள அக்காவுக்கு,

வுன்-ஹெங் வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது, அதனால் துணி காயப்போட வசதி. குவோக்-வாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

கம் அம்மாள் தேநீர் மட்டும் குடிக்கவில்லை, அரை டப்பா பிஸ்கட்டும் தின்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க அக்கா வாசல்ல கெடந்த சக்கையைக் குச்சியால கிளறிப் பாத்தேன். கோதுமை, செவப்பு எலந்தை, அதிமதுரம், வாகைப்பட்டை. இதை இருமலுக்கா குடுப்பாங்க? காரணமில்லாம அழற பொம்பளைக்குக் குடுக்கறது. எங்க அத்தை குடிச்சிருக்காங்க."

உன் கட்டடத்தில் கீழே அவர்கள் கடை. முதல் மாடியில் பல் டாக்டர். இரண்டாம் மாடி காலி. மூன்றாவதில் நீ. பிறகு யார் கொட்டியது, பல் டாக்டரா?

அக்கா, உன் மருந்துப் பானை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பக்கவாட்டில் கைப்பிடி நீட்டிக்கொண்டு, மூக்கு கொஞ்சம் உடைந்த அதே மண்பானை. குவோக்-வா பிறந்து நான் படுத்துவிட்டபோது நீ கொண்டுவந்தது. இருபத்தைந்து வருடமாகப் பரணில் இருக்கிறது. அத்தானுக்குக் கூட அது தேவைப்படவில்லை, ஒரே காலையில் போய்விட்டார். வாங்கினவள் தானாகத் திருப்பிக் கொடுத்தால் நோயையும் சேர்த்துக் கொடுத்ததாகும். மடத்தில் படித்திருந்தாலும் அது உனக்குத் தெரியும். உடையவள் வாய்விட்டுக் கேட்டால்தான் பானை வீடு திரும்பலாம். அதனால் கொண்டுவருகிறேன் என்று நான் சொல்லமாட்டேன். நீ கேட்கிறாயா என்று மட்டும் கேட்கிறேன்.

உன் தங்கை,
வுன்-ஹெங்


மக்காவ்
ஏப்ரல் 2, 1974

அன்புள்ள வுன்-ஹெங்குக்கு,

நலம். குவோக்-வாவுக்கு என் வாழ்த்து. உன் கடிதத்தில் தேதி இல்லை. தபால் முத்திரையைப் பார்த்து நானே பென்சிலால் குறித்துக்கொண்டேன். இனித் தேதி போடு.

என் முந்தைய கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது. சக்கை என்னுடையதுதான். குப்பையில் போடச் சொல்லியிருந்தேன். துணி துவைக்க வரும் ஆ-ஸாய், "குப்பையில போட்டா நோய் வீட்டுக்குள்ளயே சுத்தும், டீச்சரம்மா" என்று சொல்லி, என்னைக் கேட்காமல் தெருவில் கொட்டிவிட்டாள். எழுதும்போது எனக்கு அது தெரியும். எனவே திருத்துகிறேன்.

மருந்து பசியின்மைக்கு. ஃபுங் வைத்தியர் கடையில் வாங்குகிறேன். அவர் மனிதர்களோடு பேசும் முறை உனக்கு நினைவிருக்கும்.

"நாக்கை நீட்டுங்க, டீச்சரம்மா."

"நாக்கை நீட்டறது மரியாதை இல்லைன்னு மடத்துல சொல்லிக்குடுத்திருக்காங்க."

"மடத்துல இருக்கறவங்க நாக்கை நான் பாக்கப்போறதில்ல. உங்களோடதைக் காட்டுங்க."

காட்டினேன். இரண்டு கையிலும் நாடி பார்த்தார்.

"ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன்."

"நிறுத்திடாதீங்க. நான் எழுதற சீட்டை அந்த டாக்டர்கிட்டயும் காட்டுங்க. அவர் திட்டினா என்கிட்ட வந்து சொல்லுங்க. கஷாயத்தை எதுல காய்ச்சறீங்க?"

"பால் காய்ச்சற அலுமினியப் பாத்திரத்துல."

அவர் சீட்டு எழுதிக்கொண்டிருந்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "ஆரம்பத்துலேருந்தா?"

"ஆமா."

"அப்ப இதுவரைக்கும் நீங்க குடிச்சது மருந்துன்னு நான் சொல்லமாட்டேன். வீட்டுல மண்பானை இல்லையா?"

"இரவல் போயிருக்கு."

"கேட்டு வாங்க வேண்டியதுதானே? கேட்டா வாய் தேஞ்சிடுமா?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பசியின்மைக்குப் பானை அவ்வளவு முக்கியம் அல்ல.

எல்லோருக்கும் ஆசி.

பெனெதீத்தா


ஷாம் ஷூய் போ
ஏப்ரல் 28, 1974, ஞாயிற்றுக்கிழமை. திருப்திதானே?

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் சுகத்தை நீ சொல்ல மாட்டாய், அதனால் நானே யோசித்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரி மாத்திரையும் பசிக்குத்தானா?

எனக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். அழுகை ஆறு மாதத்தில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் பெரிய கஷ்டம். "அழுகைதான் நின்னுடுச்சே, இன்னும் என்ன படுக்கை?" என்று மாமியார் கதவைத் திறந்து திறந்து கேட்பாள். என்ன பதில் சொல்வது? சீப்பு கனத்தது. பல் தேய்க்கப் போனால் பாதியில் உட்கார வேண்டியிருந்தது. குழந்தை அழுவது கேட்கும். போக வேண்டும் என்று தெரியும். கால் தெரிந்துகொள்ளாது.

நீ பானையோடு வந்தாய். தொப்பியைக் கூடக் கழற்றாமல் கட்டில் பக்கத்தில் நின்றாய். "குடி. குடிச்சிட்டு எழுந்திரு. எங்க சிஸ்டர்ங்க கையில கெடச்சிருந்தா ஒரு வாளித் தண்ணியில உன்னை எழுப்பியிருப்பாங்க" என்றாய். அந்த வாளித் தண்ணீரை நான் மறக்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். தலையை நின்றுகொண்டு வாருகிறாயா, உட்கார்ந்துகொண்டா?

பானையைக் கேட்க உனக்கு மனமில்லை என்றால் இங்கே வந்துவிடு. மூன்று மாடி ஏறி இறங்கித் தனியாக இருந்தது போதும். இலையுதிர்கால நிலாப் பண்டிகைக்கு மறுநாள் குவோக்-வாவை அனுப்புகிறேன். சாமான்களைக் கட்டி, வீட்டுச் சாவியைச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, உன்னை அழைத்துவருவான். மருமகள் சம்மதித்துவிட்டாள். ஜன்னல் ஓரக் கட்டில் உனக்கு.

வுன்-ஹெங்


மக்காவ்
ஜூன் 17, 1974

வுன்-ஹெங்குக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. மழை. எங்களை ஆளும் லிஸ்பனில் ராணுவம் அரசாங்கத்தைக் கவிழ்த்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். இங்கே மீன் விலை மாறவில்லை.

உன் மருமகள் சம்மதித்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். நான் சம்மதிக்கவில்லை. இந்த வீட்டின் சாவி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, அங்கேயே இருக்கும்.

வாளித் தண்ணீர் விஷயம். சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன். நீ எழுந்தாயா இல்லையா?

புதிதாக ஒரு மண்பானை வாங்கினேன். மட்டமான மண். வாங்கிய சில நாட்களிலேயே விரிசல் விட்டுவிட்டது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: என் தலை வாரப்பட்டே இருக்கிறது.

பெனெதீத்தா


ஷாம் ஷூய் போ
ஜூன் 25, 1974

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்.

எந்தப் பானையும் அடுப்பில் தானாக விரிசல் விடாது. தண்ணீர் வற்றியிருக்கும். அடுப்புப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடியிருப்பாய். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் ஒரு வாணலியைத் தீய்த்தேன், வீட்டைத் தீய்க்காமல் விட்டது மாமியார் மூக்கின் புண்ணியம். உன் வீட்டில் மாமியாரும் இல்லை.

இதைவிட இன்னொன்று எனக்குப் பொறுக்கவில்லை. பழைய பானை இரவல் போயிருக்கும்போது புதியதை வாங்கினால் வீட்டுக்கு இரண்டு நோயாளி வருவார்கள் என்று அம்மா சொல்வாள். நீ நம்பாவிட்டாலும் அம்மா சொன்னதை மறந்திருக்க மாட்டாய். தெரிந்தே வாங்கியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதைவிட இரண்டு நோயாளி தேவலை என்று நினைத்திருக்கிறாய்.

குவோக்-வா படகுச் சீட்டு வாங்கிவிட்டான். அட்டைப்பெட்டிகளும் சேர்த்து வைத்திருக்கிறான். இனி நான் எழுதப்போவதில்லை. கேட்க வேண்டியவள் நீ.

வுன்-ஹெங்


மக்காவ்
ஆகஸ்ட் 20, 1974

அன்புள்ள வுன்-ஹெங்குக்கு,

நலம். நீயும் நலம் என்று கம் அம்மாள் மூலம் தெரிந்துகொண்டேன். நீ எழுதாமல் இருப்பது உன் உரிமை. ஆனால் வேறு யாராவது இதைத் திரித்து உனக்குச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

இப்போது கஷாயத்தைச் சூப் வைக்கும் பீங்கான் ஜாடியில் போட்டு, நீராவியில் அவிக்கிறேன். அரைநாள் ஆகிறது. ஃபுங் வைத்தியர் முகத்தைச் சுளிக்கிறார், அலுமினியத்துக்கு இது பரவாயில்லை என்கிறார். சீட்டையும் மாற்றி எழுதியிருக்கிறார்.

கடந்த சனிக்கிழமை காலை, சந்தை நேரத்தில், கறுப்புப் பட்டு உடுத்தி, மடத்தில் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு, சக்கைக் கிண்ணத்தை நானே எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வாசலில் கொட்டவில்லை. நடுத்தெருவில் கொட்டினேன்.

கம் அம்மாள் கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன டீச்சரம்மா, நீங்களே வந்துட்டீங்க? ஆ-ஸாய் வரலியா?"

"மேல துணி துவைக்கிறா. இது என் சக்கை, நான்தான் கொட்டணும்."

"சிஸ்டர்ங்க பாத்தா என்ன சொல்வாங்க?"

"அவங்க கல்லறையில இருக்காங்க. நீங்கதான் தெருவுல இருக்கீங்க. குச்சி எங்க?"

"என்ன குச்சி?"

"போன தடவை கிளறினீங்களே, அந்தக் குச்சி. எடுத்துட்டு வாங்க, நானே சொல்லித் தரேன். இது கோதுமை. இது எலந்தை. இது அதிமதுரம். இது வாகைப்பட்டை, மனசுக்கு. இந்த மஞ்ச வேர் போன மாசத்துலேருந்து புதுசு, அது களைப்புக்கு. ஹாங்காங்குக்குச் சொல்லியனுப்பணும்னா சரியாச் சொல்லியனுப்புங்க."

அதற்குள் மீன் வண்டிக்காரன் வந்துவிட்டான். "ஓரமாப் போங்கம்மா, சக்கரம் ஏறிடும்."

"ஏறட்டும். அதுக்குத்தான் போட்டிருக்கேன். நடுவுலயே போ."

அவன் தயங்கினான். பல் டாக்டர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கம் அம்மாள் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கி வந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே மரக்கட்டைச் செருப்போடு சக்கையை நன்றாக ஒரு மிதி மிதித்தாள்.

"வந்தா என்கிட்ட வரட்டும். எங்கிட்ட வீசற கருவாட்டு நாத்தத்துக்கு எந்த நோயும் ஒரு நாள் தாங்காது."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் உன் வீட்டில் அரை டப்பா பிஸ்கட் தின்றவள் என்பதை நான் மறக்கவில்லை.

ஆகவே தெருவில் இனி யாரும் கிசுகிசுக்க வேண்டியதில்லை. குவோக்-வாவின் படகுச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்.

ஆசியுடன்,
பெனெதீத்தா


ஷாம் ஷூய் போ
செப்டம்பர் 8, 1974

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதமாட்டேன் என்று சொன்னேன், எழுதுகிறேன். உன் கடிதத்தைக் குவோக்-வாவும் மருமகளும் நானும் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தோம். குச்சி எங்கே என்ற இடத்தில் மருமகளுக்குப் புரையேறிவிட்டது.

நீ எழுதாமல் விட்டதைக் கம் அம்மாள் எழுதியிருக்கிறாள். மேலே ஏறும்போது இரண்டாம் மாடியில், காலி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாயாம். அவள் அடுப்பில் வைத்த கெண்டி கொதித்து, தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு வந்து பார்த்தபோதும் அங்கேயே இருந்தாயாம், பட்டுடுப்போடும் பதக்கத்தோடும். "உட்காந்திருக்கேன், வேற ஒண்ணும் இல்ல" என்றாயாம். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து தேநீரை அவளே குடித்துவிட்டாளாம். உனக்குக் கொடுத்தால் கோபித்துக்கொள்வாய் என்று பயம்.

மீன் வண்டிக்காரனுக்குச் சொல்லிவிட்டாய். பல் டாக்டருக்குத் தெரியும். களைப்பு என்ற வார்த்தையைக் கம் அம்மாளிடம் உன் வாயால் சொல்லிவிட்டாய். அந்தத் தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. நான் மட்டும்தான் பாக்கி.

பானையைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். கழுவி வெயிலில் காயவைத்தேன். இப்போது மேசை மேல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுகிறேன். இதற்கு மேல் நான் ஒரு அடி வைக்கக் கூடாது. வைத்தால் உனக்குத்தான் கெடுதல்.

நிலாப் பண்டிகைக்கு மறுநாள் குவோக்-வா புறப்படுவான். அவன் கையில் அட்டைப்பெட்டியா வேறேதாவதா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

உன் தங்கை,
வுன்-ஹெங்


மக்காவ்
செப்டம்பர் 22, 1974

அன்புள்ள தங்கை வுன்-ஹெங்குக்கு,

இந்தத் தடவை நலம் என்று எழுதப்போவதில்லை. நீங்கள் எல்லோரும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

தலையை உட்கார்ந்துகொண்டுதான் வாருகிறேன். பாதி வாரியதும் கையை மடியில் வைத்துக்கொள்கிறேன். சில நாள் மறுபாதியை வாருவதே இல்லை, துணியைக் கட்டிக்கொண்டுவிடுகிறேன். பானை வெடித்தது நீ எழுதியபடிதான். எழுந்து பார்த்தபோது சமையலறை முழுக்கப் புகை.

துக்கம் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். உண்மைதான். அவருடைய கண்ணாடியை எடுத்துத் துடைத்து வைக்க இப்போது முடிகிறது. ஆனால் போகும்போது துக்கம் என் கையையும் காலையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. இதை மற்றவர்களிடம் சொல்வது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. உன்னிடம் சொல்வதுதான். உன் கட்டில் பக்கத்தில் நின்றவள் நான். நீ நிற்க நான் படுத்திருப்பதை நினைத்தாலே எழுந்துவிடத் தோன்றுகிறது. அதனால்தான் உன் ஜன்னல் ஓரக் கட்டிலும் வேண்டாம் என்கிறேன்.

ஃபுங் வைத்தியர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. எப்போது சரியாகும் என்று கேட்டேன்.

"களைப்புங்கறது கடைசியாப் போற விருந்தாளி, டீச்சரம்மா. மத்தவங்க எல்லாம் போனப்புறமும் வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு நின்னு பேசிக்கிட்டே இருக்கும்."

"நான் கதவைச் சாத்திடுவேன்."

"சாத்த முடிஞ்சா என்கிட்ட ஏன் வரீங்க?"

ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை. வைத்தியரிடம் ஒரு வேரைப் பற்றி விசாரித்து எழுதியனுப்பினார், பிறகு இரண்டையும் தொடரச் சொன்னார். போன ஞாயிறு கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது ஒரே இடத்தில்தான் உட்கார்ந்தேன். இது மருந்தினாலா, மாத்திரையினாலா, கம் அம்மாள் பின்னாலேயே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்த எரிச்சலினாலா என்று எனக்குத் தெரியாது. அக்டோபரிலிருந்து இரண்டு பையன்களை வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வினைச்சொற்களை உட்கார்ந்துகொண்டும் சொல்லிக்கொடுக்கலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குவோக்-வா வரட்டும். கயிறும் அட்டைப்பெட்டியும் கொண்டுவர வேண்டாம். சாவி என் இழுப்பறையில்தான் இருக்கும். அவன் கையில் வேறொன்று இருக்கட்டும். தெருவில் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், எழுத்தில், தேதியோடு, என் கையெழுத்தோடு:

எனக்கு உடம்பு முடியவில்லை. என் மருந்துப் பானையைக் கொடு, வுன்-ஹெங்.

மூக்கு உடைந்திருப்பதை ஒட்ட வேண்டாம். அப்படியே வரட்டும். மறுபடி எப்போதாவது உனக்குத் தேவைப்பட்டால் நீயும் வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். கொடுப்பேன். வாளித் தண்ணீரோடு சேர்த்துத்தான் கொடுப்பேன்.

உனக்கும், குவோக்-வாவுக்கும், கட்டிலை விட்டுக்கொடுக்கச் சம்மதித்த உன் மருமகளுக்கும் என் ஆசி.

அக்கா,
பெனெதீத்தா

பி.கு: படகுத்துறைக்கு நானே வருவேன். குவோக்-வா எந்தப் படகில், எத்தனை மணிக்கு வந்து சேருவான் என்று எழுது. கம் அம்மாளிடம் சொல்லியனுப்பாதே. கடிதமாக எழுது, தேதி போட்டு.